பஸ்லினாவின் கெமரா

லென்ஸ் பாதியில் நின்றுவிட்டால் நம்முடைய சனங்கள் செய்கிற முதல் வேலை, அதை விரலால் பிடித்து உள்ளே தள்ளுவது. அது போகாது. பிறகு திருகுவார்கள். அதற்கும் மசியாவிட்டால் மேசையில் வைத்து ஒரு தட்டு. எல்லாம் செய்து முடித்த பிறகுதான், கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கிட்ட மருந்துக்கடை மாடியில் இருக்கிற என்னிடம் கொண்டுவந்து, "ஒண்ணுமே செய்யல்லீங்க, சும்மா வச்சிருந்தோம், தானா இப்படி ஆயிருச்சு" என்பார்கள். பதினெட்டு வருடமாக இந்தப் பொய்யைக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் நீண்டுவிட்டது. "ஆமாங்க, பேய் வந்து திருகிட்டுப் போயிருக்கும்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். இப்போது கெமரா கொண்டுவருகிறவர்களும் குறைவு. போன் திருத்துகிற வேலைதான் அதிகம். ஆனாலும் வாய் குறையவில்லை.

ஜமால்தீன் நானா மட்டும் பொய் சொல்லவில்லை. அக்குறணையில் பிடவைக்கடை வைத்திருக்கிற மனிதர். கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்த சின்ன வெள்ளிநிறக் கெமராவை மேசையில் வைத்தார்.

"தம்பி கிருஷ்ணராஜ், பன்னெண்டு வருஷம் அலுமாரிக்குள்ள கெடந்த சாமான் இது. மகள் தேடி எடுத்து பட்டன அமுத்தின. அனுங்கிட்டு, மூக்க நீட்டிட்டு அப்பிடியே நிண்டிட்டு. பொறகு நான்தான் கொஞ்சம் தள்ளிப் பாத்த."

"தள்ளினத ஒத்துக்கிட்ட மொத ஆள் நீங்கதான் நானா" என்றேன்.

திறந்து பார்த்தேன். பற்றரி அடுப்பில் வெந்த பணிஸ் மாதிரி ஊதியிருந்தது. நெம்பித்தான் எடுக்க வேண்டியதாயிற்று. மெமரி காட் போடுகிற இடம் வெறுமையாக இருந்தது.

"காட் எங்க?"

அவர் இருக்கிறது என்பதுபோல் சட்டைப்பையைத் தொட்டார். "ஈக்கி. அத மட்டும் ஒங்களுக்குத் தர ஏலா. கோவிக்க வாணாம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் என்ன, படத்தைத் திருடுகிறவனா? முகத்தைப் பார்த்தே அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒன்றுவிடாமல் சொன்னார்.

அவர்களுடைய கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்துக்கு ஸ்டூடியோக்காரனை விடமாட்டார்கள். மணப்பெண்ணும் சொந்தக்காரப் பெண்களும் முக்காடில்லாமல், பூவும் நகையுமாக, பாட்டும் கேலியுமாக இருக்கிற அறை அது. அங்கே படம் எடுப்பதற்குக் குடும்பத்திலேயே ஒரு பெண் இருப்பாள். ஜமால்தீன் நானாவின் முதல் மனைவி பஸ்லினாதான் அந்த வேலையைச் செய்தவர். இந்தக் கெமரா அவருடையது. எடுக்கும் முன்பே வாக்குக் கொடுப்பாராம், இது ஓர் அந்நிய ஆம்பிளையின் கண்ணில் படாது என்று. முடிந்ததும் காட்டை மணப்பெண்ணின் தாயிடம் கொடுத்துவிடுவார். கடைசிக் கல்யாணத்தின் காட்டைக் கொடுக்குமுன் டெங்குக் காய்ச்சல் வந்து நாலே நாளில் மவுத்தாகிவிட்டார். மகள் ஸஹ்ராவுக்கு அப்போது எட்டு மாதம். பிள்ளையை வளர்க்கவென்று அதன் சாச்சியை, பஸ்லினாவின் தங்கை றமீஸாவை, ஜமால்தீன் நானாவுக்கு நிக்காஹ் செய்து வைத்தார்கள்.

"எல்லாரையும் அவ எடுத்தா. அவவ ஒருத்தரும் எடுக்க இல்ல. அடையாள அட்டைப் படமும் எங்கட கலியாணப் படமும்தான் மிச்சம். ஆனா இந்தக் காட்ல ஒரு வீடியோ ஈக்கி. புதுசா காட்டப் போட்டு மொதமொதலா எடுத்த. பொண்ணுக்கு உடுப்பு உடுத்துற நேரம் பஸ்லினா கெமராக்குப் பின்னால நிண்டு பகிடி பண்ணிப் பேசுறாவாம். றமீஸாதான் போன நோம்புல வாய தொறந்து புள்ளைக்கிட்ட சொன்ன. அண்டிலேந்து புள்ள ஒரே புடி. உம்மாட சத்தத்த ஒருக்கா கேக்கோணும், ஒரே ஒருக்கா. நடுச்சோத்துல எழும்பிப் போறா தம்பி."

"அதுக்குக் கெமராவே தேவையில்லயே நானா. கம்பியூட்டர்ல போட்டா அஞ்சு நிமிசம்."

"கம்பியூட்டர்ல ஏறின சாமான் பொறகு எங்கெங்க போகும் எண்டு எனக்கும் தெரியும், ஒங்களுக்கும் தெரியும். அது என்ட சொத்தில்ல, அந்தப் பொம்புளயள்ட அமானிதம். மவுத்தானவ குடுத்த வாக்க நான் முறிக்க ஏலா."

போன் திருத்தக் கொடுத்தவர்களின் படங்கள் எந்தெந்தக் கடையில் எந்தெந்தக் கையில் சுற்றுகின்றன என்பது எனக்கு நன்றாகவே தெரியும். கெமராவை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் பிடித்தது. திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, லென்ஸ் வளையங்களைப் பிரித்துப் பார்த்தால், இடுக்கில் ஒரு துண்டு ஜிகினா. கல்யாண உடுப்பிலிருந்து விழுந்திருக்கும். ஊசியால் எடுத்தேன். உள்ளே திகதியைக் காக்கிற குட்டிப் பற்றரியும் செத்திருந்ததால், ஒவ்வொரு முறையும் திகதியைக் கேட்டது. அதற்குப் பொருத்தமான சாமான் இப்போது கிடைக்காது. கடையில் இருந்த ஒரு பழைய பற்றரியையும் என்னுடைய காட்டையும் போட்டேன். லென்ஸ் சமர்த்தாக வந்தது, போனது, படம் எடுத்தது. எனக்கே பெருமையாக இருந்தது. போன் போட்டேன். ஜமால்தீன் நானா வந்து, துவா செய்துவிட்டு வாங்கிப் போனார்.

மறுநாளே அழைப்பு வந்தது. பஸ்லினாவின் காட்டைப் போட்டால் கெமரா ஏதோ பிழை காட்டுகிறதாம். "நீங்க வந்து வாயால சொல்லிக் குடுங்க தம்பி, றமீஸா செய்வா" என்றார்.

நான் போன அன்று காலையிலிருந்தே மழை. அக்குறணையில் மழை என்றால் எல்லோருடைய கண்ணும் பிங்கா ஓயாவில்தான் இருக்கும். ஆறு பெருகினால் டவுனில் கடைக்குள்ளே தண்ணீர் நிற்கும், கண்டி ரோட்டும் முடங்கும். நான் போய் இறங்கும்போதே சனங்கள் கீழ்த்தட்டுச் சாமான்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஜமால்தீன் நானாவின் கடை கீழே, வீடு மேலே. படியேறி முடிகிற இடத்தில் எனக்கு ஒரு கதிரை போட்டிருந்தார்கள். வாசலில் கனத்த பச்சைத் திரை. திரைக்கு அப்பால் கெமராவோடு றமீஸா.

"நீங்க பாருங்க தம்பி, நான் கீழ துணிக்கட்ட ஏத்திட்டு வாறன்" என்று அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார். ஸஹ்ரா பின்பக்கம் தகரக் கூரை போட்ட குசினியில் எனக்காகச் சம்சா பொரித்துக்கொண்டிருந்தாள். மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் இந்தப் பக்கம் இடி விழுந்தாலும் அங்கே கேட்காது.

"அண்ணன், தெகதி கேக்கிது" என்று திரைக்குப் பின்னால் இருந்து குரல் வந்தது.

"எதையாவது வச்சு ஓகேய அமுத்துங்கம்மா."

"இப்ப மொழி கேக்கிது."

"ஓகே."

"காட் பிழை எண்டு வருது."

"நிப்பாட்டிட்டு காட்ட வெளிய எடுங்க. ஓரத்துல பொடியா ஒரு பூட்டு இருக்கும், மேல தள்ளுங்க. செப்புப் பக்கத்த பென்சில் ரப்பரால மெதுவா தேய்ங்க."

தேய்த்தார். போட்டார். மறுபடியும் திகதி, மறுபடியும் மொழி. அரை மணித்தியாலம் இதுவேதான். பார்க்க முடியாத கெமராத் திரையை மனதுக்குள் பார்த்துக்கொண்டு வேலை சொல்வது லேசான காரியமல்ல. எனக்குப் பொறுமை கழன்றுகொண்டிருந்தது. கீழே யாரோ கத்தினார்கள், பாலத்தடியில் தண்ணீர் ஏறிவிட்டது, கண்டி பஸ் இன்னும் ஒன்றோ இரண்டோதான் போகும் என்று.

"அண்ணன், இப்ப வேற மாதிரி வருது. இங்கிலீசில நாலு வரி எழுதி ஈக்கி. வாசிக்கட்டா?"

"ஓகேன்னு ஒண்ணு இருக்கா?"

"ஈக்கி. வேற ஒண்டும் ஈக்கி. நான் எழுத்தெழுத்தா வாசிக்கிறன். இல்லாட்டி ஸஹ்ராவ கூப்பிடட்டா? அவ இங்கிலீஸ் நல்லா வாசிப்பா."

"அட, வாசிச்சுக்கிட்டு இருந்தா பஸ் போயிரும்மா! நான் ஒருத்தன் இங்க குத்துக்கல்லு மாதிரி ஒக்காந்திருக்கேன், புள்ளய எதுக்குக் கூப்பிடுறீங்க? எது கேட்டாலும் ஓகேய அமுத்துங்க."

அமுத்தினார்.

"சரி வந்திட்டு!" என்றார். குரலில் அத்தனை சந்தோஷம். "ஒரு பிழையும் காட்டல்ல, அண்ணன்."

நான் கதிரையில் சாய்ந்துகொண்டேன். மகா கெட்டிக்காரன்! அத்தோடு நிறுத்தினேனா? "பாத்தீங்களா! எது கேட்டாலும் ஓகேன்னு சொன்னேன்ல" என்று பெருமை பீற்றிக்கொண்டு, லென்ஸ் இடையில் நிற்கிறதா என்று பார்க்க அந்தச் சிவப்புப் பொத்தானை அமுத்தி ஒரு வீடியோ எடுக்கச் சொன்னேன். இரண்டு நிமிடம் ஓட விடுங்கள் என்று சொல்லி, அது ஓடும்போதும் அதே பெருமையைத் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தேன். அவர் எடுத்துக்கொண்டே பின்பக்கம் ஓடுகிற காலடிச் சத்தம் கேட்டது. ஏதோ கூப்பிட்டார். மழையில் எனக்கு விளங்கவில்லை. திரும்பி வந்தார்.

"இப்ப பழையத போட்டுப் பாருங்க" என்றேன்.

பொத்தான் அமுத்துகிற சத்தம் இரண்டு மூன்று தடவை கேட்டது.

"அண்ணன், இப்ப எடுத்தது மட்டும்தான் ஈக்கி. வேற ஒண்டும் இல்ல."

நான் எழுந்துவிட்டேன். "அந்த நாலு வரில என்னம்மா இருந்துச்சு?"

அவர் நினைவிலிருந்து எழுத்துக்களைச் சொன்னார். மூன்றாவது எழுத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபோமட். காட்டை மொத்தமாகத் துடைத்துவிடட்டுமா என்று கெமரா கேட்டிருக்கிறது. துடை என்று நான் சொல்லியிருக்கிறேன்.

அந்த நேரம் பார்த்து நனைந்த சாரத்தோடு ஜமால்தீன் நானா மேலே வந்தார். உள்ளே ஸஹ்ராவும் சம்சாத் தட்டோடு வந்துவிட்டாள். திரைக்குக் கீழே அவளுடைய பாதங்கள் தெரிந்தன. "சரியாகிட்டா?" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"எல்லாம் அழிஞ்சிட்டு" என்றார் றமீஸா. "அண்ணன் சொன்ன மாதிரித்தான் நான் அமுத்தின."

இப்போது நினைத்தாலும் என் வாயை நானே கிழித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. யோசிக்கவே இல்லை, வந்துவிட்டது. "ஃபோமட்ட அமுத்துங்கன்னு நான் சொல்லுவேனாம்மா? பதினெட்டு வருஷமா இந்தத் தொழில் பாக்குறேன். என்ன எழுதியிருக்குன்னு படிக்காம அமுத்துனா நான் என்ன செய்ய முடியும்? நானா, நீங்களே சொல்லுங்க."

றமீஸா ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. என்னைப் பொய்யன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வீட்டுக்கு வந்த மனிதனை அப்படிச் சொல்லக் கூடாது என்று நினைத்தாரோ, சொன்னாலும் எடுபடாது என்று நினைத்தாரோ. ஸஹ்ராதான் பேசினாள்.

"சாச்சி வேணுமெண்டுதான் செஞ்ச. எங்கட உம்மா இந்த வூட்டுக்குள்ள வாறது சாச்சிக்குப் பயம்."

"ஸஹ்ரா!" என்று தகப்பன் அதட்டினார். அதட்டலில் உறுதி இல்லை. அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. ஃபோமட்டான காட்டை ஒருவரும் தொடவேண்டாம், பத்திரமாக வையுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, என்னுடைய பற்றரியைத் திரைக்குக் கீழாக வாங்கிக்கொண்டு படியிறங்கினேன். சம்சாவைத் தொடவில்லை. கடைசி பஸ் கிடைத்தது.

மூன்று வாரம் கழித்து ஜமால்தீன் நானா கடைக்கு வந்தார். தாடி கலைந்திருந்தது. இந்தத் தடவை கெமராவோடு காட்டையும் மேசையில் வைத்தார்.

"இத தர ஏலான்னீங்களே நானா?"

"மகள் வூட்ல இல்ல தம்பி. கம்பளையில என்ட தாத்தா ஆஸிகாட வூட்டுக்குப் போயிட்டா. றமீஸா கோல் எடுத்தா கதைக்க மாட்டா. பன்னெண்டு வருஷம் நெஞ்சில போட்டு வளத்தவ. 'நீங்க எனக்கு ஆரு' எண்டு கேட்டிட்டுப் போயிட்டா." அவர்கள் பேச்சில் தாத்தா என்றால் அக்கா. "றமீஸா எனக்கிட்டயும் ஒரு சொல்லு கதைக்க இல்ல. ஒவ்வொரு வூடா ஏறி எறங்கினா. அந்தக் கலியாணத்துல இருந்த பொம்புளயள் இருவத்திமூணு பேர். மாத்தளையில ஒராள், மாவனல்லையில ஒராள். மவுத்தான ரெண்டு பேர்ட புள்ளயள். அழிஞ்சத திருப்பி எடுக்க மெசினில போடோணும், சம்மதமா எண்டு எல்லார்ட்டயும் கேட்டா. ஒரு பொம்புள பாத்தாச் சரி எண்டிட்டாங்க. ஒங்கட வூட்டாள் பாப்பாவா?"

இருபத்துமூன்று வீடு. இந்த யோசனை முதல் நாளே எனக்கு வந்திருக்க வேண்டும். என் மனைவி சஞ்சீவனி போனுக்கு மென்பொருள் ஏற்றுகிற வேலையெல்லாம் என்னோடு இருந்து பழகியவள். அவளை உட்கார்த்தி ஐந்து நிமிடத்தில் முடித்திருக்கலாம்.

அடுத்த நாள் பின்னறையில் மடிக்கணினியைத் திருப்பி வைத்து அவளை உட்கார வைத்தேன். நான் முதுகைக் காட்டிக்கொண்டு வழி சொன்னேன். அழிந்ததைத் தேடுகிற வேலை மூன்று மணித்தியாலம் ஓடியது. இடையில் அவள், "ஐயோ, எவ்வளவு அழகான பொண்ணு... மருதாணிக் கை... வட்டலப்பம் வச்ச தட்டு..." என்று முணுமுணுத்தாள். படங்கள் வந்துகொண்டிருந்தன! ஃபோமட் பண்ணினாலும் உள்ளே கிடப்பது உடனே போய்விடாது. மேலே வேறு ஒன்றைப் பதிந்தால்தான் போகும். நான் தொண்டைக்குள்ளே முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"வீடியோ இருக்கா?"

"ஒண்ணு இருக்குங்க. போடட்டா?"

போட்டாள். மழைச் சத்தம். அதற்குள்ளே ஓர் ஆண் குரல், அகம்பாவமாக, பெரிய வாத்தியார் தோரணையில்: "பாத்தீங்களா! எது கேட்டாலும் ஓகேய அமுத்துங்கன்னு சொன்னேன்ல? வாசிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா இப்ப வரைக்கும் அதே எடத்துலதான் நிப்பீங்க."

சஞ்சீவனி நிறுத்தினாள். "இது ஒங்க சத்தம்."

நான் திரும்பவில்லை.

"அந்தம்மா படிக்காம அமுத்திட்டாங்கன்னுதானே அவங்க வீட்ல சொன்னீங்க? எங்கிட்டயும் அதத்தானே சொன்னீங்க?"

"பழைய வீடியோ இருக்கான்னு பாரு" என்றேன்.

"பேரு மட்டும் இருக்கு. உள்ள ஒண்ணுமில்ல. அந்த எடத்துலதான் இது பதிஞ்சிருக்கு."

முதல் முதலாகப் பதிந்தது பஸ்லினாவின் குரல். காட் துடைபட்ட பிறகு முதல் முதலாகப் பதிந்தது என்னுடையது. அதே இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. றமீஸா அமுத்திய ஓகேயால் ஒரு படம்கூடச் சாகவில்லை. அத்தோடு நான் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருந்தால், இன்று அந்தப் பிள்ளை தன் தாயின் குரலைக் கேட்டிருக்கும். கெட்டிக்காரத்தனம் காட்டுவதற்காக நான் எடுக்கச் சொன்ன அந்த இரண்டு நிமிடம்தான் அதைக் கொன்றது.

அந்த வீடியோவை அழித்துவிடலாம் என்று கை போனது உண்மை. ஒரு பொத்தான், ஒருவருக்கும் தெரியாது. சஞ்சீவனி என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அழிச்சீங்கன்னா நான் போயி சொல்லுவேன்" என்றாள்.

ஜமால்தீன் நானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"றமீஸாவ நானும் ஒரு கேள்வி கேட்டிட்டன் தம்பி. மெய்யாவே தெரியாமத்தான் அமுத்தினீங்களா எண்டு. அதுக்குப் பொறகுதான் அவ கதைக்கிறத வுட்டது." எழுந்தார். "வாங்க. இத ஸஹ்ராக்கிட்ட நீங்க ஒங்கட வாயாலயே சொல்லோணும்."

கம்பளை பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து ஆசனத்தில் ஒன்றரை மணித்தியாலம் போனோம். கெலிஓயா தாண்டியதும் சரிந்த மண்ணை ரோட்டிலிருந்து அள்ளிக்கொண்டிருந்தார்கள். கெமராவும் பற்றரியும் என் மடியில் இருந்தன.

ஆஸிகாவின் வீட்டு முன்னறையில் ஸஹ்ரா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பதின்மூன்று வயது. முகம் இறுகிப்போயிருந்தது. நான் எதையும் குறைக்கவில்லை. வாசிக்கட்டுமா என்று சாச்சி கேட்டதையும், ஸஹ்ராவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டதையும், நான் வேண்டாம் என்றதையும், பிறகு பொய் சொன்னதையும் சொன்னேன். படங்கள் கிடைத்ததையும் குரல் இனிக் கிடைக்காது என்பதையும் சொன்னேன்.

"ஒரு காலமும் கெடைக்காதா?"

"கெடைக்காதும்மா."

"போடுங்க" என்றாள். "நீங்க பேசினத நான் கேக்கோணும்."

கெமராவைக் கொடுத்தேன். அந்தக் குட்டித் திரையில் தரையும், திரைச்சீலையின் ஓரமும், ஓடுகிற கால்களும் ஆடின. என் குரல் பீற்றிக்கொண்டது. சிவப்புப் பொத்தான தொடாதீங்க, ரெண்டு நிமிசம், அப்படியே புடிங்க, அசையாதீங்க என்று நான் கத்திக்கொண்டே இருக்க, அதற்கு ஊடாக, கெமராவுக்கு மிகக் கிட்டத்தில், மூச்சு வாங்க றமீஸா சிரித்தார். நான் படியில் இருந்து கேட்டும் விளங்காதது அதில் தெளிவாக இருந்தது.

"ஸஹ்ரா! ஓடி வாங்க மகள்! அடுப்ப நூத்துப்போட்டு ஓடி வாங்க! ஒங்கட உம்மா கதைக்கப் போறா! எனக்கும் கேக்கோணும், பன்னெண்டு வருஷம் மகள், என்ட தாத்தாட சத்தம்... வாங்க சுருக்கா!"

ஸஹ்ரா மறுபடியும் போட்டாள். மூன்றாவது தடவையும் போட்டாள். பிறகு முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஜமால்தீன் நானா எழுந்து ஜன்னலோரம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நான் போவதா இருப்பதா என்று தெரியாமல் கதிரை நுனியில் இருந்தேன்.

"சாச்சிய நான் எனத்தெல்லாம் சொன்ன" என்றாள். அது என்னிடம் சொன்னதல்ல.

உள்ளே போய்ப் பையைக் கட்டிக்கொண்டு வந்தாள். வாசல்வரை போனவள், கெமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னிடம் திரும்பினாள்.

"இதுல ஒங்கட சத்தத்த மட்டும் அழிக்க ஏலுமா?"

"முடியாதும்மா" என்றேன். "சாச்சி பேசுற எடத்துலயெல்லாம் நானும் பேசிக்கிட்டே இருக்கேன்."